காக்கையும் நாமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

     

சிலப்பதிகாரத்தைப் பற்றியும் கம்பன் கவிநயத்தைப் பற்றியும் அறிஞர் பெருமக்கள் உரையாற்றிய இம்மேடையில், இரயில்வே அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணிபுரியும் யாம் காக்கையைப் பற்றிப் பேச வந்துள்ளோம். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டவர்க்குக் காக்கையே போதும் என்று செயற்குழுவினர் கருதினர் போலும் என்று சிலர் நகைக்கலாம். உண்மை அதுவன்று. சென்ற கோடையில், நம் உறுப்பினர் பலர் வாழும் கட்டடம் ஒன்றில் இரண்டு விண்ணப்பங்கள் எழுந்தன. முற்றத்துத் தூங்குமூஞ்சி மரத்திலுள்ள காக்கைக் கூடுகளை அகற்ற வேண்டும் என்பது ஒன்று. மொட்டை மாடிச் சுவரில் காக்கைக்குச் சோறு வைப்பதைத் தடை செய்ய வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டிலும் கையொப்பமிட்டோர் உளர். இரண்டையும் எதிர்த்தோர் உளர். ஒன்றில் கையொப்பமிட்டு மற்றொன்றைக் கடுமையாக எதிர்த்தோரும் உளர். இருபது ஆண்டுகளாக ஒருவர் வீட்டுக் காப்பியை மற்றவர் குடித்து வந்த குடும்பங்கள் மாடிப்படியில் முகம் பாராமல் இறங்குகின்றன. ஆகவேதான் இத்தலைப்பு.

முதலில் ஆளை அறிந்துகொள்வோம். நம்மைச் சுற்றித் திரியும் காக்கை இருவகை. கழுத்தும் மார்பும் சாம்பல் நிறமாகவும் மற்றவை கறுப்பாகவும் இருப்பது ஊர்க்காக்கை. உடல் முழுதும் கறுத்து, அலகு தடித்து, குரல் கரகரத்து இருப்பது அண்டங்காக்கை. அண்டங்காக்கை காட்டிலும் வாழும், ஊரிலும் வாழும். ஊர்க்காக்கையோ மனிதனை விட்டு வாழ அறியாது. ஆளரவமற்ற வழியில் ஊர்க்காக்கை ஒன்று கண்ணிற்பட்டால், அருகில் குடிசையோ சாவடியோ உண்டென்று நம்பி நடக்கலாம். இம்மும்பை மாநகரில் தந்தையின் உடன்பிறந்தாரைக் ‘காகா’ என்று அழைக்கின்றனர். காயல்பட்டினத்து முஸ்லிம் பெருமக்கள் தம் மூத்த சகோதரரைக் ‘காக்கா’ என்று அழைக்கின்றனர். இச்சொற்களுக்கும் பறவைக்கும் யாதொரு தொடர்புமில்லை என்று இலக்கணம் கற்றோர் எம்மைக் கடிந்துகொள்வர். ஆயினும் உறவு முறை பொருத்தமாகவே அமைந்துவிட்டது.

நம் முன்னோர் காக்கையை இகழ்ந்தாரல்லர். சங்க காலத்துப் பெண்பாற் புலவர் நச்செள்ளையாருக்குக் காக்கைபாடினியார் என்ற பெயர் அமைந்ததே காக்கையைப் பாடியதனால்தான். பிரிந்து சென்ற தலைவன் வீடு திரும்புகின்றான். தலைவியை ஆற்றியிருக்கச் செய்தமைக்காகத் தோழியைப் பாராட்டுகின்றான். தோழியோ, பாராட்டு எனக்கு உரியதன்று, விருந்து வருமென்று கரைந்த காக்கைக்கு உரியது என்கின்றாள். தொண்டி நெல்லின் சோற்றில் நள்ளியின் காட்டு ஆயர் வளர்க்கும் பசுக்களின் நெய்யைப் பெய்து ஏழு கலங்களில் படைத்தாலும் அக்காக்கைக்கு அது சிறிதே என்பது அவள் கூற்று. இப்பாட்டு குறுந்தொகையில் உள்ளது. இப்புலவர் ஆடுகோட்பாட்டுச் சேரலாதனைப் பாடி ஒன்பது காப் பொன்னும் நூறாயிரம் காணமும் பரிசிலாகப் பெற்றார் என்பது பதிற்றுப்பத்தின் பதிகத்தால் விளங்கும். நாகர்கோவில் வண்டி எந்நேரத்தில் வருமென்று அறிய இன்று நம்மிடம் பலகையும் கைபேசியும் உண்டு. எனினும் சன்னலில் காக்கை கரைந்தால், ‘ஊரிலிருந்து யார் வருகிறார்களோ’ என்று நம் தாய்மார் சொல்லாத நாளில்லை. அன்றைய தலைவி போலவே, பிரிந்தவரை எதிர்நோக்கி வாழும் குடும்பங்களல்லவா நம்முடையவை!

வள்ளுவப் பெருந்தகையும் காக்கையை இரண்டு இடங்களில் எடுத்தாள்கின்றார். பகற்பொழுதில் அது தன்னினும் வலிய ஆந்தையை வெல்வதைக் காட்டிக் காலம் அறிதலை விளக்குகின்றார். கிடைத்த உணவை மறைக்காமல் இனத்தைக் கூவி அழைத்து உண்பதைக் காட்டிச் சுற்றந்தழாலை விளக்குகின்றார். இங்கே ஒரு சிறு குறிப்பு. வயிறு நிறைந்த காக்கை, எஞ்சிய அப்பளத் துண்டை ஓட்டின் இடுக்கிலோ பூந்தொட்டி மண்ணிலோ ஒளித்து வைத்து, மாலையில் வந்து எடுத்துச் செல்வதை யாம் பலமுறை கண்டுள்ளோம். வள்ளுவரைத் திருத்த முற்படுகிறோம் என்று எண்ணற்க. இனத்தை அழைக்கவும் அதற்குத் தெரியும். நாளைக்கென்று சேர்த்து வைக்கவும் தெரியும். நல்ல இல்லத்தரசிக்கு இவ்விரண்டும் தெரியுமன்றோ?

நிற்க. இலக்கியத்திலிருந்து இருப்புப்பாதைக்கு வருவோம். செம்பூர்வாசிகள் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1896-ஆம் ஆண்டில் பம்பாயைப் பிளேக் நோய் தாக்கிற்று. அதன் பின்னர், நகரத்துக் குப்பையை ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்ட வழி தேடினர். குர்லாவிலிருந்து செம்பூருக்கு 1906-இல் போடப்பட்ட இருப்புப்பாதை மக்களுக்காகப் போடப்பட்டதன்று. குப்பை வண்டிக்காகப் போடப்பட்டது. மக்கள் ஏறிச் செல்லும் வண்டி அதில் ஓடத் தொடங்கியது 1924-இல்தான். ஆகச் செம்பூருக்கு இரயிலில் வந்த முதற் பயணி குப்பை. அதனைத் தொடர்ந்து வந்தவை காக்கையும் பருந்தும். நாம் அவற்றுக்கும் பிற்பட்டவர்கள். தேவ்னார் குப்பை மேட்டின் வான்வெளியைக் கண்டவர்க்கு, இந்நகரில் காக்கை ஏன் பெருகிற்று என்று விளக்க வேண்டுவதில்லை. தாராவிக்குத் தோல் பதனிடும் தொழிலை நாடித் திருநெல்வேலிச் சீமையினர் வந்தனர்; மாதுங்காவுக்கு எழுதுகோலை நம்பி மற்றையோர் வந்தனர். பிழைப்பு எங்கேயோ அங்கே போவது காக்கைக்கும் நமக்கும் பொது.

இதுவரை யாம் கூறியது நகரத்தார் பேச்சு. உழவர் பேச்சு வேறு. நகரத்தில் அமர்ந்துகொண்டு காக்கையின் அறிவை வியப்பது எளிது. வியந்து பேசும் நமக்கு, ஊரில் நிலத்தை நம்பியிருக்கும் தமையனும் மைத்துனனும் இருக்கின்றனர். அவர்கள் முன் இப்பேச்சு எடுபடாது. நிலக்கடலை விதைத்த முதல் வாரத்தில் காவலில்லாத வயலை நீங்கள் கண்டதுண்டா? ஏர்ச்சாலில் இட்ட பருப்பைக் காக்கை வரிசை தவறாமல் தோண்டி எடுக்கும். ஓரிடத்தில் ஒரு பருப்பு அகப்பட்டால், அடுத்தது எத்தனை விரற்கடை தள்ளி இருக்கும் என்பதை அறிந்தது போல நடந்து செல்லும். விதைக் கடலை விற்கும் விலையில், விதைத்தவன் வயிறு எரியாதோ?

நம் பக்கத்துக் கரிசல் நிலங்களில் சோளமும் கம்பும் விளைந்த இடங்களை இப்போது மக்காச்சோளம் பெரிதும் பிடித்துக்கொண்டது. அங்கே காக்கைக்கு இருமுறை விருந்து. முளை இரண்டங்குலம் எழுந்ததும் அதைப் பிடுங்கி அடியிலுள்ள விதையைத் தின்னும். கதிர் பால் பிடித்ததும் மேல்தோலை அலகால் கிழித்து உரித்து மணியைக் கொத்தும். கொத்திய கதிரில் மழைநீர் இறங்கிப் பூஞ்சை படரும். ஆகவே தின்றது கால் பங்கு எனினும் கெட்டது கதிர் முழுதுமாம். இவையன்றிக் கோழிக்குஞ்சு, களத்தில் காயும் தானியம், வாசலில் உலரும் வடகம், கடற்கரையில் கருவாடு என்று அதன் கணக்கு நீளும். எருமையின் காதிலுள்ள உண்ணியைப் பொறுக்கி உதவும் அதே பறவை, அதன் முதுகில் புண் இருந்தால் கொத்திப் பெரிதாக்கவும் செய்யும்.

உழவர் சும்மா இருந்தாரல்லர். பரண் கட்டினர், கவண் எறிந்தனர், தகரத்தைத் தட்டினர், வைக்கோற் பொம்மைக்குச் சட்டை அணிவித்து நிறுத்தினர். பொம்மைக்குக் காக்கை அஞ்சுவது இரண்டு நாள். மூன்றாம் நாள் அதன் தலைமீதே அமர்ந்து இறகு கோதும். ஒரு புறம் சிவப்பும் மறுபுறம் வெள்ளியும் பளபளக்கும் நாடா இப்போது கடைகளில் கிடைக்கின்றது. அதனைச் சற்று முறுக்கி வயலின் குறுக்கே கட்டினால், காற்றில் ரீங்கரித்து ஒளியை வீசும். அதுவும் பயன்படும், ஆனால் முளை எழும் வாரத்திலும் கதிர் பால் பிடிக்கும் வாரத்திலும் மட்டும் கட்டி, பின்னர் அவிழ்த்துவிட வேண்டும். ஆண்டு முழுதும் கட்டி வைத்தால் அதுவும் பொம்மையின் கதியையே அடையும். செத்த காக்கை ஒன்றைக் கழியில் தொங்கவிடும் பழைய வழக்கம் இவை எல்லாவற்றினும் பலிக்கக் காண்கிறோம். காக்கை இறந்து கிடக்கும் இடத்தில் அதன் இனம் கூடிக் கரைவதை யாவரும் அறிவோம். அதனைத் துக்கம் என்று நாம் சொல்வோம். அமெரிக்கக் காக்கைகளை ஆராய்ந்தோர், ‘இவ்விடத்தில் ஆபத்து உண்டு’ என்று அவை கற்றுக்கொள்ளும் கூட்டமாகவும் அதைக் காண்கின்றனர். துக்கத்திலும் பாடம் கேட்கும் பறவை அது.

ஓர் இடைக்குறிப்பு. இன்று ஊருக்குச் சென்று கேட்டால் உழவர் முதலில் குறை கூறுவது காக்கையையன்று, மயிலையும் காட்டுப்பன்றியையும்தான். மயில் முருகப் பெருமானின் ஊர்தி, 1963 முதல் நாட்டின் தேசியப் பறவை, அழகுடையது. காக்கை சனீசுவரனின் ஊர்தி, கறுப்பு. வயலில் இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன. எனினும் ஒன்றை வருத்தத்தோடு விரட்டுகிறோம். மற்றொன்றைச் சபித்து விரட்டுகிறோம்.

ஆனால் எழுத்தர் வேலை பார்ப்பவர்க்குப் பற்றுக் கணக்கை மட்டும் பார்த்துப் பேரேட்டை மூட மனம் வராது. வரவுப் பக்கமும் உண்டு. உழும் டிராக்டருக்குப் பின்னே கொக்கோடும் மைனாவோடும் காக்கை நடந்து செல்வதைக் காணாதவர் இரார். கலப்பை புரட்டிய மண்ணில் வெளிப்படும் வெண்புழுக்களை அது உண்கின்றது. வெட்டுக்கிளியையும் எலிக்குஞ்சையும் உண்கின்றது. செத்ததைத் தின்று தெருவைத் துப்புரவாக்குகின்றது. இக்கணக்கை முறையாக எடுக்க முயன்றோரும் உண்டு. பீகாரில் பூசா என்னுமிடத்திலிருந்த வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் மேசன், மேக்ஸ்வெல் லெஃப்ராய் என்ற இருவர், பறவைகளின் இரைப்பையைத் திறந்து, உள்ளே கிடந்த தானியம் எத்தனை, பயிருக்குப் பகையான பூச்சி எத்தனை, நட்பான பூச்சி எத்தனை என்று எண்ணி, 1912-இல் நூலாக வெளியிட்டனர். நூறாண்டுக்கு முன்பே, ஒரு பறவையைப் பகையென்று தீர்ப்பளிக்குமுன் வயிற்றைத் திறந்து பார்த்து எழுதவேண்டும் என்று கருதினார்கள். நம் கட்டடத்து விண்ணப்பங்களுக்கு அவ்வளவு ஆராய்ச்சி நடந்ததாகத் தெரியவில்லை.

யாம் சொல்ல விரும்புவது இதுதான். பயிருக்குப் பகையான காக்கை வேறு, அறிவுள்ள காக்கை வேறு என்று இரண்டு இல்லை. புழு எங்கே வெளிப்படும் என்று கண்டுகொள்ளும் கண்தான் விதை எங்கே கிடக்கும் என்றும் கண்டுகொள்கிறது. பாதி வேண்டும், பாதி வேண்டாம் என்று சொல்ல இயலாது. நம் பிள்ளைகள் படிக்கும் கதைகளையே பாருங்கள். வீட்டில் பாட்டி வடை சுட்ட கதையைச் சொல்கிறோம். அதில் காக்கை திருடன், முடிவில் ஏமாளி. ஆங்கிலப் பாடத்தில் பானையில் கூழாங்கல்லிட்டு நீரை மேலேற்றிய கதை வருகின்றது. அதில் காக்கை அறிஞன். மராத்தி வகுப்பில் காக்கையின் சாண வீடும் குருவியின் மெழுகு வீடும் வருகின்றன. மழையில் தன் வீடு கரைந்து காக்கை குருவியின் கதவைத் தட்டி நிற்கின்றது. அதில் அது ஏழை. மூன்று மொழி பயிலும் நம் பிள்ளை ஒரே பறவையை மூன்று விதமாகக் கற்கின்றது. மூன்றும் மெய்யே.

பானைக் கதை கட்டுக்கதை என்றிருந்தோம். 2009-இல் இங்கிலாந்தில் காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த ரூக் என்னும் பறவையின் முன், நீரில் புழு மிதக்கும் குழாயை வைத்தார்கள். அது கல்லைப் பொறுக்கியிட்டு நீரை உயர்த்திப் புழுவை எடுத்தது. சிறிய கல்லைவிடப் பெரிய கல்லே விரைவில் பயன்தரும் என்றும் விரைவில் தெரிந்துகொண்டது. அதற்கு முன்பே, 2002-இல் ஆக்ஸ்போர்டில் பெட்டி என்று பெயரிடப்பட்ட நியூகலிடோனியக் காக்கை ஒன்று, நேரான கம்பியை வளைத்துக் கொக்கியாக்கி உணவு வாளியைத் தூக்கி எடுத்தது. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் 2006-இல் முகமூடி அணிந்து சில காக்கைகளைப் பிடித்து விட்டனர். பல ஆண்டுகள் கழித்தும் அம்முகமூடியைக் கண்டவுடன் காக்கைகள் திரண்டு கத்தின. அன்று பிடிபடாதவையும், பின்னர்ப் பிறந்தவையும் கூடச் சேர்ந்து கத்தின என்பதே வியப்பு. இவையாவும் நம் ஊர்க்காக்கையின் உறவினர் புகழேயன்றி அதன் புகழல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும், கல்லெறிந்த பையனை மட்டும் தேடித் தலையில் தட்டும் காக்கை தாராவியிலும் உண்டு என்று தாய்மார் சொல்லக் கேட்டால், நமக்கு நம்பாதிருக்க முடிவதில்லை.

இவ்வளவு அறிவுள்ள பறவை ஏமாறும் இடமும் ஒன்றுண்டு. மாதுங்காவில் ஐந்து தோட்டங்களின் பக்கம் மே, ஜூன் மாதங்களில் விடியற்காலையில் சென்றால் அதனைக் காணலாம். ஆண் குயில் கூட்டின் அருகே வந்து கூவிக் காக்கையைச் சினமூட்டித் துரத்தச் செய்யும். அந்நேரத்தில் பெண் குயில் கூட்டில் முட்டையிட்டு அகலும். குயிலின் முட்டை காக்கையின் முட்டைக்கு முன்பே பொரியும். காக்கை அதற்கு ஊட்டி வளர்க்கும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்ற பழமொழியைச் சொன்னவர், அக்குஞ்சு குயிலுடையதாக இருக்கக் கூடும் என்பதை அறிந்தே சொன்னாரோ என்னவோ! வசந்தத்தில் குயிலோசை வேண்டுமென்போர் காக்கைக் கூட்டையும் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்; குயிலுக்குப் பெரும்பாலும் வேறு தொட்டில் இல்லை.

இனி எமது இலாகாவுக்கு அதனால் நேரும் தொல்லையைச் சொல்லாவிட்டால் உடன் பணிபுரிவோர் எம்மை மன்னியார். 1925-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் விக்டோரியா டெர்மினசிலிருந்து குர்லாவுக்கு இந்நாட்டின் முதல் மின்சார இரயில் ஓடிற்று. அன்று கம்பியில் ஓடியது 1,500 வோல்ட் மின்சாரம். படிப்படியாக மாற்றி, 2016-இல் ஹார்பர் பாதையிலும் 25,000 வோல்ட் ஆக்கினர். மின்சாரம் ஏறினால் காக்கைக்கு என்ன? அது கூடு கட்டச் சுள்ளியை மட்டும் தேடி அலைவதில்லை. இந்நகரில் நாள்தோறும் எழும் மாடிக் கட்டடங்களில் சிந்திக் கிடக்கும் கட்டுக் கம்பியைக் கொத்தி வந்து, மின்கம்பத்தின் குறுக்குக் கைகளில் வளைத்துப் பின்னி, உள்ளே தேங்காய் நாரை மெத்தையாக இடுகின்றது. அக்கம்பி ஒன்று பீங்கான் தடுப்பைத் தாண்டித் தொங்கினால் போதும். மின்சாரம் அற்றுப்போகும், வண்டிகள் நிற்கும், உங்களில் பலர் பாண்டூப்புக்கும் காஞ்சூர்மார்க்குக்கும் இடையில் நின்று எம்மைத் திட்டுவீர்கள். ஆகையால் மழைக்கு முன் மின்சாரத்தை நிறுத்தி, டவர் வண்டியில் ஏறிக் கூடுகளை அகற்றுகின்றனர். கூட்டை எடுத்த இடத்திலேயே சில நாளில் மறுகூடு எழும். ஜப்பானில் யோகோகாமா அருகே 1996-இல் தண்டவாளத்தின் மேல் கற்கள் இருக்கக் கண்டு, நாசவேலையோ என்று அஞ்சி ஆராய்ந்தனர். காக்கைகள் தம் ரொட்டித் துண்டைச் சரளைக் கற்களுக்கிடையே ஒளிக்கும்போது எடுத்த கல்லைத் தண்டவாளத்தில் வைத்துவிட்டு மறந்தன என்று தெரியவந்தது!

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மலேயாவின் கிள்ளானில் காப்பித் தோட்டத்துக் கம்பளிப்புழுக்களை ஒழிக்க இலங்கையிலிருந்து ஊர்க்காக்கையைக் கொண்டுபோய் விட்டனர். தோட்ட வேலைக்குத் தமிழரைக் கொண்டுபோனதும் ஏறத்தாழ அக்காலமே. காப்பி போய் இரப்பர் வந்தது, காக்கை போகவில்லை. பின்னாளில் அதனைச் சுடுவதற்கு ஆள் அமர்த்த வேண்டியதாயிற்று. சான்சிபாரில் 1890-களில் குப்பை தின்னக் கொண்டுவந்தனர். அங்கிருந்து கிழக்கு ஆப்பிரிக்கக் கரையெங்கும் பரவியது. 2024-இல் கென்ய அரசு, அவ்வாண்டு முடிவதற்குள் பத்து லட்சம் காக்கைகளை ஒழிக்கப் போவதாக அறிவித்தது. ஹாலந்தின் துறைமுகம் ஒன்றில் 1994-இல் கப்பலேறி வந்து இறங்கியவை சில பத்துகளாகப் பெருகின. அவற்றையும் சுட்டு அகற்றினர். அந்நாடுகளின் சிறு பறவைகளுக்கு அது செய்யும் கேடு மெய். அந்நடவடிக்கையை யாம் குறைகூறவில்லை. ஆயினும், வேலைக்கென்று அழைத்துச் சென்று, வேலை தீர்ந்தபின் ‘இந்தியக் காக்கை’ என்று பெயரிட்டு விரட்டும் செய்தியைப் படிக்கையில் நமக்கு ஏதோ நினைவுக்கு வருகின்றது. நம் தந்தையர் காலத்தில், 1960-களின் பிற்பகுதியில், தென்னாட்டார் இந்நகரத்து வேலைகளைக் கொத்திக்கொண்டு போகின்றனர் என்று கூக்குரல் எழுந்ததைப் பெரியோர் மறந்திரார். அதற்கு மேல் இதனை வளர்க்க யாம் விரும்பவில்லை.

சட்டமும் மாறியுள்ளது. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில், எலி, பழந்தின்னி வௌவால் ஆகியவற்றோடு காக்கையும் தீங்குயிர் என்று ஐந்தாம் பட்டியலில் வைக்கப்பட்டிருந்தது. 2022-இல் நிறைவேறி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் அப்பட்டியலே நீக்கப்பட்டது. பயிர்க்கேடு மிகுந்த இடத்தில், குறித்த காலத்துக்கு, ஓர் உயிரைத் தீங்குயிர் என்று அறிவிக்கும் அதிகாரம் அரசுக்கு உண்டு. கட்டடக் குழுவுக்கு இல்லை.

இனி விண்ணப்பங்களுக்கு வருவோம். கூட்டை அகற்றச் சொல்வோரின் குறை, மே மாதத்தில் காக்கை தலையில் கொத்துகின்றது என்பது. ஆம், கொத்துகின்றது, குஞ்சு பறக்கத் தொடங்கும் சில வாரங்கள் மட்டும். பள்ளி விடுமுறையாயினும் பிள்ளைகள் குடை பிடித்து அம்மரத்தைக் கடக்கலாம். மின்கம்பத்தில் உள்ள கூட்டை எடுப்பது பல்லாயிரவர் பயணத்துக்காக. மரத்திலுள்ள கூட்டைக் குஞ்சோடு வெட்டிப் போடுவது யாருக்காக? மழை பலமாக இறங்கிய பின் கூடு தானே வெறுமையாகும். அதன்பின் கிளை கழிப்பதாயினும் மாநகராட்சியின் அனுமதியோடு கழித்துக்கொள்ளலாம்.

சோற்றைப் பற்றிய விண்ணப்பம் நுட்பமானது. அமாவாசைக்கு முன்னோரை எண்ணி வைப்போர் நம்மில் உளர். பொங்கலுக்கு மறுநாள் உடன்பிறந்தான் நலத்துக்காக மஞ்சள் இலையில் கணுப்பிடி வைக்கும் சகோதரிகள் உளர். இவற்றில் நம்பிக்கையில்லாதோரும் உளர். நம் மராத்திய அண்டை வீட்டாரும், இறந்தவர்க்குப் பத்தாம் நாள் வைத்த பிண்டத்தைக் காக்கை தொடும்வரை வெயிலில் காத்து நிற்பதைக் கண்டிருக்கிறோம். இவ்வழக்கத்தின் நன்மை தின்மையை ஆராய்வது இம்மேடையின் வேலையன்று. ஆனால் விண்ணப்பமிட்டவரின் குறை வெறும் குறையன்று என்று யாம் ஒப்புகிறோம். ஒருபிடி வைக்கும் இடத்தில் நேற்றைய குழம்பும் மிச்சமான இட்டிலியும் கொட்டப்படுகின்றன. காக்கை உண்ட பின் எஞ்சியதைப் புறா உண்கின்றது. இரவில் எலி வருகின்றது. கீழ்த்தளத்தாரின் சன்னலில் எச்சம் வழிகின்றது. முன்னோர் நினைவு கைப்பிடியளவில் அடங்கும். அதற்கு மேற்பட்டது குப்பையை மாடியில் கொட்டுவதேயாம். ஒருபிடிச் சோறு, ஓர் இலை, ஒரு மணி நேரம்; பின்னர் வைத்தவரே இலையை எடுத்துச் சுவரைக் கழுவிவிட வேண்டும். கோடையில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைத்தால் சோற்றினும் பெரிது. கீழே குப்பைத் தொட்டிகளுக்கு மூடி வேண்டும் என்று இவ்விரு விண்ணப்பங்களில் எதிலும் எழுதப்படவில்லை என்பதையும் கவனியுங்கள். மூடியில்லாத ஐந்து தொட்டிகள் அழைக்கும் காக்கைகளை ஒருபிடிச் சோறு அழைப்பதில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2021 சனவரியில் பறவைக் காய்ச்சல் பரவியபோது மும்பையில் இறந்த காக்கைகளிடத்தும் அந்நோய் உறுதியாயிற்று. நம் செம்பூரிலும் காக்கைகள் செத்துக் கிடந்தன. செத்த காக்கையைப் பிள்ளைகள் தொட விடாதீர்கள். துடைப்பத்தால் தள்ளிவிட்டுப் போகாமல் மாநகராட்சிக்குச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் இரண்டு மூன்று கிடந்தால் அன்றே சொல்லுங்கள்.

வரும் ஞாயிறன்று அக்கட்டடத்தின் பொதுக்கூட்டம் கூடுகின்றது. அங்கே குடியிருக்கும் நம் உறுப்பினர் அனைவரும் தவறாது செல்லுமாறு வேண்டுகிறோம். விண்ணப்பங்கள் இரண்டுக்கும் எதிராகவும், தொட்டிகளுக்கு மூடி வாங்கும் தீர்மானத்துக்கு ஆதரவாகவும் எமது கை உயரும். மூடிக்கு ஆகும் செலவை வீட்டுக்கு இவ்வளவென்று பிரித்து எழுதிய தாளைக் கொண்டுவந்துள்ளோம். கூட்டம் முடிந்ததும் வாயிலில் பெற்றுக்கொள்ளலாம்.